பானை ஓட்டில் தொடங்கிய வேதாகமப் படிப்பு

யாங்கோனில் இன்செயின் பக்கம் இறையியல் கல்லூரிகள் பல உண்டு. அவற்றில் ஒன்றில், ஊழியத்துக்குப் போகாத சாதாரண சபை மக்களும் சேரலாம் என்று மாலை வகுப்புகள் நடத்துகிறார்கள். அங்கே வேதாகமத் தொல்லியல் என்ற பாடத்தை ஒரு பருவம் படித்தேன். நான் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் 'சயாமா', பர்மிய மொழியில் டீச்சர். அவர்கள் கேட்கிற கேள்விகள்தான் என்னை இந்தப் படிப்புக்குள் தள்ளிவிட்டன. "சயாமா, நோவா பேழையைக் கண்டுபிடிச்சுட்டாங்களாமே" என்று ஒரு பையன் பேஸ்புக்கைத் திறந்து போனை நீட்டுவான். "செங்கடல்ல பார்வோனோட தேர்ச் சக்கரம்" என்று அடுத்தவன் வருவான். ஆமாம் என்று சொல்லவும் மனசு வராது, இல்லை என்று சொல்ல ஆதாரமும் கையில் இருக்காது.

வகுப்பில் கரேன், சின், கச்சின் பிள்ளைகள்தான் அதிகம். தமிழர் என்று பார்த்தால் நானும், தன்லியினிலிருந்து வரும் ஒரு தம்பியும். புத்தகம் ஆங்கிலம், சயா, அதாவது ஆசிரியர், விளக்குவது பர்மிய மொழி, நான் குறிப்பெடுப்பது தமிழ். கேட்பதற்குக் குழப்பமாக இருக்கும், ஆனால் இதில் ஒரு லாபம் உண்டு. மூன்று மொழிகளில் புரண்டு வருவதற்குள் விஷயம் மனசில் தங்கிவிடும்.

இந்தப் பாடத்துக்கு வருகிறவர்களை இரண்டு வகையாகப் பார்த்தேன். வேதாகமம் உண்மை என்று மண்ணைத் தோண்டி நிரூபித்துக் காட்டுவார்கள் என்ற ஆசையோடு வருகிறவர்கள் ஒரு பக்கம். எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். முதல் மாதம் இரண்டு தரப்புக்கும் ஏமாற்றம்தான். முதல் மாதம் முழுக்கப் பானை.

அதற்கு முன்னால் சயா ஒரு பழக்கத்தை உண்டாக்கினார். எந்த இடத்தைப் படித்தாலும் மூன்று தாள் எடுக்க வேண்டும். முதல் தாளில் மண்ணில் கிடைத்தது மட்டும்: எந்த அடுக்கு, பக்கத்தில் என்னென்ன கிடந்தன, யார் எந்த வருடம் தோண்டினார்கள். இரண்டாவது தாளில் வசனம் சொல்வது மட்டும். இரண்டையும் எழுதி முடித்த பிறகுதான் மூன்றாவது தாளில் கை வைக்கலாம். அங்கேதான் 'இதுவும் அதுவும் ஒன்றா' என்ற கேள்வி. முதல் தாளில் 'யோசுவா', 'தாவீது' என்ற பெயர் வந்துவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சாதாரண வேலை போலத் தெரியும், செய்துபார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று புரியும். வசனம் மனப்பாடமாக இருக்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

சேர நினைக்கிறவர்கள் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டிய வேலை ஒன்று உண்டு, காலப் பட்டியல். வெண்கலக் காலம் ஏறத்தாழ கி.மு. 3300 முதல் 1200 வரை, இரும்புக் காலம் 1200 முதல் எருசலேம் அழிந்த 586 வரை, அப்புறம் பாரசீகர், கிரேக்கர், ரோமர். இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இது கைவசம் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்தால் பிற்கால வெண்கலம், இரும்பு இரண்டு என்று அவர்கள் பேசிக்கொண்டே போவார்கள், நாம் தலையாட்டிக்கொண்டு இருப்போம். கூடவே ஊர்ப் பெயர்களுக்கும் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். நம் தமிழ் வேதாகமத்தில் ஆத்சோர் என்று இருப்பது ஆங்கிலப் புத்தகத்தில் ஹேசோர். அது தெரியாமல் வசனம் தேடினால் அரை மணி நேரம் போய்விடும், அதற்குள் கரண்டும் போய்விடும்.

சரி, பானைக்கு வருவோம். 1890இல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேயர் பாலஸ்தீனத்தின் தெல் எல்-ஹெசி என்ற மேட்டில் சில வாரங்கள் வேலை செய்தார். மேட்டின் ஒரு பக்கத்தை ஆறு அரித்திருந்ததால் அடுக்கடுக்காக மண் வெளியே தெரிந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் பானையின் வடிவம் மாறுவதைப் பார்த்து, பானையை வைத்தே காலத்தைச் சொல்லலாம் என்று காட்டினார். நாணயம் புழக்கத்துக்கு வராத காலத்துக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடையாது. பானை எல்லார் வீட்டிலும் இருக்கும், அடிக்கடி உடையும், உடைந்த ஓட்டை யாரும் திருட மாட்டார்கள், ஓடு மக்கவும் செய்யாது.

எனக்குச் சுலபமாகப் பிடிபட்டது விளக்குதான். நான்கு மூலையிலும் திரி போடுகிற சதுர விளக்கு கி.மு. 2000க்கு முந்தியது. அதற்கப்புறம் வருகிற விளக்கு, நம் அகல் மாதிரியே, ஒரு பக்கம் மட்டும் லேசாகக் கிள்ளிய மூக்கு உள்ள தட்டு. காலம் போகப்போக அந்த மூக்கை இன்னும் ஆழமாகக் கிள்ளுகிறார்கள். யூதா ராஜ்யத்தின் கடைசிக் காலத்தில் அடியில் தடித்த பாதம் வந்துவிடுகிறது. ஏரோது காலத்துக்கு வந்தால் விளக்கு மூடிய உருண்டையாக, கத்தியால் சீவிய சின்ன மூக்கோடு இருக்கிறது. சயா படங்களைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொன்னபோது, கார்த்திகைக்கும் தீபாவளிக்கும் அகல் ஏற்றும் தெருவில் வளர்ந்த எனக்கு மூக்கைப் பார்த்ததுமே கை தானாகப் போனது. எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் படங்களில் இயேசுவின் உவமையில் வரும் பத்துக் கன்னிகைகள் கையில் அலாவுதீன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ஓட்டை வரையவும் கற்றுக்கொடுத்தார்கள். இஸ்ரேலுக்குப் போக யாரிடம் காசு இருக்கிறது? தெருவோரத்தில் வழிப்போக்கர்களுக்காகத் தண்ணீர்ப் பானை வைக்கும் மரத்தட்டியின் அடியில் கிடந்த உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். ஒரே மையத்தில் பல வட்டங்கள் போட்ட தாளின் மேல் வாய் விளிம்பை நிறுத்தி, எந்த வட்டத்தோடு ஒட்டுகிறது என்று பார்த்தால் முழுப் பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும். விளிம்பைச் சரியான சாய்வில் பிடிப்பதுதான் வித்தை. மேசையில் கவிழ்த்து, வெளிச்சம் உள்ளே புகாதபடி விளிம்பு முழுக்கப் படிகிற வரைக்கும் மெதுவாகச் சாய்க்க வேண்டும். பிறகு பாதிப் படம் வெளித்தோற்றம், பாதிப் படம் குறுக்கே வெட்டினால் தெரியும் கனம். ஒரு முறை இதைச் செய்தவர்களுக்கு அகழாய்வு அறிக்கையில் பக்கம் பக்கமாக வரும் கறுப்புக் கோட்டுப் படங்கள் வெறும் கோடாகத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை சயா எங்களைத் துவாண்டேக்குக் கூட்டிக்கொண்டு போனார். பான்சோடான் துறையில் படகேறி டலாவில் இறங்கி, அங்கிருந்து வண்டி. பானைக்குப் பேர்போன ஊர். ஒருவர் சக்கரத்தைக் காலால் தள்ளிச் சுற்ற, இன்னொருவர் வனைந்துகொண்டிருந்தார். சூளைப் பக்கத்தில் வெந்து கோணிப்போன பானைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. ஆயிரம் வருடம் கழித்து இந்தக் குவியலைத் தோண்டுகிறவன் இங்கே யார் வாழ்ந்தார்கள் என்று எழுதுவான் என்று சயா கேட்டார். பெரிய கலவரம் நடந்து பானையெல்லாம் உடைந்தது என்று எழுதுவான் என்றான் தன்லியின் தம்பி. சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து 'அழிவு அடுக்கு' என்று புத்தகத்தில் படிக்கும்போதெல்லாம் சாம்பல் எவ்வளவு கனம், அம்பு முனை உண்டா, கூரை இடிந்து தரையில் விழுந்திருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டோம்.

எல்லாரும் காத்திருந்த பாடம் எரிகோ, எக்காளம் ஊதியதும் மதில் விழுந்தது என்று யோசுவா புத்தகம் சொல்லும் ஊர். 1930 முதல் 1936 வரை அங்கே தோண்டிய ஜான் கார்ஸ்டாங், விழுந்து கிடந்த இரட்டை மதிலைக் கண்டு, இதுதான் யோசுவா காலத்தில் விழுந்தது என்று அறிவித்தார். உலகமெங்கும் பிரசங்கங்களில் அது ஏறியது. பிறகு 1952இலிருந்து 1958 வரை கேத்லீன் கென்யன் என்ற அம்மையார் அதே மேட்டைத் தோண்டினார். கார்ஸ்டாங் காட்டிய மதில் முற்பட்ட வெண்கலக் காலத்தது, அவர் சொன்னதைவிட ஏறத்தாழ ஆயிரம் வருடம் பழையது என்பது கென்யன் முடிவு. அதற்குப் பின் வந்த ஊரும் கி.மு. 1550 வாக்கில் எரிந்துபோயிருக்கிறது. யோசுவாவுக்குச் சொல்லப்படும் காலத்தில் அங்கே பெரிய மதிலோடு ஊர் இருந்ததற்கான தடயம் அவருக்குக் கிடைக்கவில்லை. மேல் அடுக்கை மழையும் காற்றும் அரித்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் கென்யன் பக்கம்தான். அதே மேட்டின் அடியில் கி.மு. 8000 வாக்கில் கட்டிய, 8 மீட்டருக்கு மேல் உயரமான கல் கோபுரம் ஒன்று வந்தது. வசனத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. மதிலை மட்டும் தேடிப் போனால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம் என்பது என் எண்ணம்.

கென்யன் தோண்டிய முறையைச் சயா பலகையில் வரைந்தார். சதுரம் சதுரமாகக் குழி, இரண்டு குழிக்கும் நடுவில் வெட்டாமல் விட்ட மண் சுவர். அந்தச் சுவரின் முகத்தில் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். எது மேலே, எது கீழே, எந்தக் குழி எந்தத் தரையைத் துளைத்துக்கொண்டு போனது என்பதற்கெல்லாம் அந்தச் சுவர்தான் சாட்சி. இந்த முறையை அவருக்குப் பழக்கியவர் மார்டிமர் வீலர். எனக்கு அந்தப் பெயரை எங்கேயோ கேட்ட நினைவு. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவரேதான், இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டு 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டிய வீலர். ரோமானிய மதுச்சாடிகளும் இத்தாலியத் தட்டுகளும் கிடைத்த அரிக்கமேடு. நம்மவர்களுக்குக் கீழடிப் படங்களில் பார்த்துப் பழகிய அந்தச் சதுரக் குழியும் மண் சுவரும்தான் எரிகோவிலும். அடுத்த வகுப்பில் இதைச் சொன்னதும் கச்சின் பிள்ளைகள் என்னிடம் வந்து கீழடி என்றால் என்ன என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் இந்தப் பாடம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது யூதா ராஜ்யத்து ஊரான லாகீஸில்தான். மூன்று தாள் முறை அங்கேதான் முழுசாக வேலை செய்தது.

கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் மேல் படையெடுத்தான். இரண்டு இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில், அவன் லாகீஸில் இருக்கும்போது யூதாவின் ராஜா எசேக்கியா அவனுக்கு ஆள் அனுப்பினான் என்று வருகிறது. லாகீஸ் எப்படி விழுந்தது என்று அங்கே கிடையாது. சனகெரிப் தன் பங்குக்குக் களிமண் பட்டகங்களில் எழுதிவைத்த வரலாற்றில் 46 மதில் சூழ்ந்த பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவை மாதிரி எருசலேமுக்குள் அடைத்ததாகவும் பெருமை அடிக்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை, லாகீஸின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் நினிவேயில் அவன் அரண்மனையின் ஓர் அறைச் சுவர் முழுக்க லாகீஸ் முற்றுகைதான். அந்தச் சிற்பப் பலகைகள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மண்ணும் தன் பங்கைச் சொல்கிறது. மேட்டின் தென்மேற்கு மூலையில் கல்லைக் கொட்டிக் கட்டிய முற்றுகைச் சாய்தளம், அம்பு முனைகள், எரிந்த வீடுகள், உள்ளேயிருந்தவர்கள் அவசரமாக எழுப்பிய எதிர்ச் சாய்தளம்.

கணக்கு எழுதுகிறவளாச்சே, எனக்கு எசேக்கியா சனகெரிப்புக்குக் கட்டிய கப்பத் தொகையில்தான் கண் போனது. வசனத்தில் முந்நூறு தாலந்து வெள்ளி, முப்பது தாலந்து பொன். சனகெரிப்பின் கணக்கில் பொன் அதே 30, வெள்ளி மட்டும் 800. கொடுத்தவன் புத்தகமும் வாங்கினவன் புத்தகமும் ஒரு வரியில் ஒத்துப்போய் இன்னொரு வரியில் இடிக்கிறது. தாலந்தின் எடையில் வித்தியாசம், சனகெரிப் பெருக்கிச் சொன்னான், இடையில் கொள்ளையடித்ததையும் சேர்த்துக்கொண்டான் என்று ஆளுக்கொரு விளக்கம். எங்கள் கடையில் இப்படி வந்தால் ஒத்துப்போகிற வரியை முதலில் டிக் அடித்துவிட்டு, ஒத்துப்போகாததைத் தனித் தாளில் எழுதிவைப்பேன். சயாவும் அதைத்தான் செய்யச் சொன்னார்.

சிற்பத்தை ஒரு மாலை முழுக்கப் பார்த்தோம். அட்டைப்படத்தில் வருவது போர்க்காட்சிதான். மதில் இடிக்கும் வண்டி சாய்தளத்தில் ஏறுகிறது, மேலிருந்து யூதர்கள் தீப்பந்தங்களை எறிகிறார்கள், வண்டிக்குள்ளிருந்து ஒரு சிப்பாய் நீண்ட கரண்டியால் தண்ணீர் ஊற்றித் தீயை அணைக்கிறான். அந்தக் கரண்டியைப் பார்த்த பிறகு போர் என்ற சொல்லுக்கே வேறு முகம் வந்துவிட்டது. வலது பக்கம் நகர்ந்தால் ஊரைவிட்டுப் போகிறவர்கள். மாட்டு வண்டியில் மூட்டை, மூட்டைமேல் பெண்கள், பிள்ளைகள். தலையிலிருந்து கணுக்கால் வரை நீண்ட முக்காடு. இன்னும் போனால் சிம்மாசனத்தில் சனகெரிப். அவன் முகத்தை மட்டும் யாரோ பிற்பாடு கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு 1942இல் எங்கள் அப்பத்தாவின் அண்ணன் குடும்பம் மாட்டு வண்டி கிடைத்தவரை வண்டியிலும், அப்புறம் நடந்தும் இந்தியாவுக்குப் போனது. அப்பத்தா மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். யாங்கோனில் தமிழ்க் குடும்பம் எதைக் கேட்டாலும் இந்த மாதிரி ஒரு கதை இருக்கும். அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் அன்று குறிப்பு அதிகம் எடுக்கவில்லை.

லாகீஸில் இன்னொரு பாடமும் உண்டு, பொறுமை பற்றியது. 1932இலிருந்து அங்கே தோண்டிய ஜேம்ஸ் ஸ்டார்க்கி 1938 ஜனவரியில் வழியில் கொல்லப்பட்டார். அவர் குழுவிலிருந்த ஓல்கா டஃப்னெல் என்ற அம்மையார் வருடக்கணக்காக உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்தார். மூன்றாம் அடுக்கு எரிந்தது 701இல், சனகெரிப்பின் கையால் என்பது அவர் 1953இல் வெளியிட்ட முடிவு. அதற்கு நூறு வருடம் பிந்தி பாபிலோனியர் எரித்தது என்று பெரிய பெரிய அறிஞர்கள் மறுத்தார்கள். 1973இலிருந்து டேவிட் உசிஷ்கின் மறுபடி தோண்டிய பிறகுதான் டஃப்னெல் சொன்னது சரி என்று நிலைத்தது. எல்லாம் பானையின் வடிவத்தை வைத்து நடந்த வழக்கு. முதல் மாதம் பானையைப் பார்த்துச் சலித்துக்கொண்டவர்கள் அன்று ஒன்றும் பேசவில்லை.

எழுத்துள்ள ஓடுகள் என் கட்சி. தெற்கே பாலைவன ஓரத்தில் ஆராத் என்ற கோட்டையில் 1962 முதல் 1967 வரை யோகனான் அகரோனி தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட ஓடுகள் மையெழுத்தோடு கிடைத்தன. கி.மு. 600 வாக்கில் எலியாசீப் என்ற கிடங்குக்காரருக்கு வந்த உத்தரவுகள் அவற்றில் ஒரு கட்டு. கித்தீமியர் என்ற கூட்டத்தாருக்கு இத்தனை அளவு திராட்சரசம் கொடு, அன்றைய தேதியை எழுதிவை, ரொட்டி சுட மாவு அனுப்பு. இவ்வளவுதான். தேதியை எழுதிவை என்ற வரியைப் படித்ததும் எங்கள் முதலாளி குரல் காதில் கேட்டது. பக்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தள்ளிவிடாதீர்கள். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் 2016இல் இந்த ஓடுகளின் கையெழுத்தைக் கணினியால் ஒப்பிட்டு, 16 வாசகங்களில் குறைந்தது 6 பேர் கை இருக்கிறது என்று காட்டினார்கள். ஒரு மூலைக் கோட்டையில் இத்தனை பேருக்கு எழுதத் தெரியும் என்றால், எரேமியா வாழ்ந்த காலத்தில் யூதாவில் எழுத்து எவ்வளவு பரவியிருந்தது என்ற பெரிய கேள்வி மாவுக் கணக்கிலிருந்து கிளம்புகிறது.

அதே கோட்டைக்குள் ஒரு கோயிலும் இருந்தது. அங்கே கிடைத்த இரண்டு சிறிய பலிபீடங்களில் ஒட்டியிருந்த பிசினைச் சோதித்து, ஒன்றில் குங்கிலியம், இன்னொன்றில் கஞ்சா என்று 2020இல் வெளியிட்டார்கள். வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சீனாய்ப் பக்கம் குன்டில்லெட் அஜ்ருட் என்ற இடத்தில் 1975, 76இல் கிடைத்த பெரிய சாடிகளில் 'சமாரியாவின் யெகோவாவும் அவருடைய அசேராவும்' என்று ஆசீர்வாதம் எழுதியிருக்கிறது. அசேரா ஒரு பெண் தெய்வத்தின் பெயர். எருசலேம் வீடுகளில் பெண் உருவ மண்பொம்மைகள் ஏராளம். சிலர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஞாயிறு சபைக்கு வந்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாரியம்மன் கோயில் வாசலில் நிற்கிற சொந்தக்காரர்களை எனக்குத் தெரியும். தீர்க்கதரிசிகள் யாரைத் திட்டினார்களோ அந்த வீடுகளின் சாமான்கள் இவை, அவ்வளவுதானே.

தேர்வில் வந்தது சாலொமோனின் வாசல்கள். ஆத்சோர், மெகிதோ, கேசேர் மூன்றிலும் ஒரே மாதிரி ஆறு அறை வாசல் இருப்பதை ஒன்று இராஜாக்கள் 9:15ஓடு சேர்த்து, இவை சாலொமோன் கட்டியவை என்று யிகேல் யாதின் என்ற தொல்லியலாளர் சொன்னார். 1990களில் இஸ்ரேல் பிங்கெல்ஸ்டைன் அந்த அடுக்குகளைச் சாலொமோனின் காலமான கி.மு. பத்தாம் நூற்றாண்டிலிருந்து ஒன்பதுக்கு இறக்கினார். அமிகாய் மசார் நடுவில் நின்று வாதாடினார். எந்தக் கட்சி என்று எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும், ஆனால் எதிர்க்கட்சியின் வலுவான சான்று எது என்று எழுதாதவர்களுக்குச் சயா குறைத்துவிட்டார். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒவ்வொரு வழக்கையும் இப்படி இரு பக்கமும் எழுதிப் பழகுங்கள்.

போலிகளுக்கும் ஒரு வகுப்பு ஒதுக்கியிருந்தார்கள். வாஷிங்டனில் இருக்கும் வேதாகம அருங்காட்சியகம் வைத்திருந்த 16 சவக்கடல் சுருள் துண்டுகளும், அதாவது பழைய வேதாகமக் கையெழுத்துச் சுருள்களின் துண்டுகள் என்று வாங்கியவை, போலி என்று 2020இல் தெரியவந்ததைச் சொன்னார்கள். வேதாகமத்துக்கென்றே நிறையப் பணம் போட்டு நடத்துகிற இடத்துக்கே அந்த கதி. எங்கே தோண்டினார்கள், எந்த அடுக்கு, யார் அறிக்கை எழுதினார்கள் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத பொருளை நம்பிப் பேசாதே என்பதுதான் வகுப்பின் சாரம். சவக்கடல் சுருள்களில் நல்லவையும் சந்தை வழியாக வந்தவைதானே என்று தன்லியின் தம்பி மடக்கினான். ஆனால் அந்தச் சுருள்கள் கிடைத்த கும்ரான் குகைகளை அப்புறம் ஆய்வாளர்களே தோண்டி, அதே வகைத் துண்டுகளை மண்ணிலிருந்து எடுத்தார்கள் என்பதைச் சயா காட்டினார். எங்கள் பையன் காட்டிய தேர்ச் சக்கரமும் துருக்கி மலைப் பேழையும் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகின்றன. துருக்கியில் படகு போலத் தெரியும் அந்த இடம் இயற்கையாக அமைந்த பாறை என்று புவியியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பருவக் கட்டுரைக்குச் சயா போட்ட நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. பர்மாவில் இருக்கும் ஒரு பழம்பொருளை அல்லது கல்வெட்டை எடுத்துக்கொண்டு அதே மூன்று தாளில் எழுத வேண்டும். நான் பாகான் தமிழ்க் கல்வெட்டை எடுத்தேன். மேலே முகுந்தமாலையிலிருந்து ஒரு வடமொழிச் சுலோகம், கீழே தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், புக்கம் (பாகான்) என்கிற அரிவத்தனபுரத்து நானாதேசி (வணிகர் குழு) விண்ணகரத்துக்கு ஒரு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்தார் என்கிறது. எழுத்தமைதியை வைத்து 13ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். முதல் தாள் இவ்வளவுதான்.

இரண்டாவது தாளில் வசனத்துக்குப் பதிலாக நம்மவர் பேச்சு. சோழர் பர்மாவை ஆண்டார்கள், ராஜேந்திரன் பெகுவில் ஜெயஸ்தம்பம் நட்டான் என்று திருவிழா மேடைகளில் கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ராஜேந்திரனின் 1025 கடற்படையெடுப்பு ஸ்ரீவிஜயத்தின் மேல். அவன் வென்ற கடாரத்தைப் பெகு என்று ஒரு காலத்தில் சிலர் எழுதினார்கள். இப்போது ஆய்வாளர்கள் அதை மலாய் தீபகற்பத்துக் கெடா என்றே கொள்கிறார்கள். மூன்றாவது தாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாகான் கல்லில் ராஜாவும் இல்லை, படையும் இல்லை. மலையாளக் கரையிலிருந்து வந்த ஒரு பக்தர், பெருமாள் கோயிலுக்கு விளக்கு வைத்துவிட்டு அதைத் தமிழில் எழுதியிருக்கிறார். புத்த ராஜாக்களின் தலைநகரில், வணிகர்களின் பெயரில் ஒரு விஷ்ணு கோயில். எனக்கு ஆட்சியைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. இதை எங்கள் தெருக் கோயில் கமிட்டித் தாத்தா ஒருவரிடம் சொன்னேன். "நீ என்ன சயாமா, உள்ளதையும் பிடுங்குறே" என்று கோபித்துக்கொண்டார். சபை மூப்பர் எரிகோ மதிலுக்குக் கோபித்துக்கொண்ட அதே குரல்.

மூப்பர் விஷயம் இதுதான். "அப்போ மதில் விழலையா?" என்று நேரடியாகவே கேட்டார். கார்ஸ்டாங் சொன்னதையும் கென்யன் சொன்னதையும் வரிசையாகச் சொன்னேன். பிள்ளைகளுக்கு எரிகோ கதையை நான் நிறுத்தவில்லை, அவர்கள் எக்காளம் ஊதி மேசையைச் சுற்றி வருவதையும் நிறுத்தவில்லை. பெரிய பிள்ளைகள் வகுப்பில் மட்டும் இரண்டு ஆய்வாளர்களின் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். மூப்பர் இரண்டு வாரம் என் வகுப்பின் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்து கேட்டார். மூன்றாவது வாரம், விளக்குப் படங்களை அவருக்கும் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார்.

சேர நினைக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். பணம் கட்டுவதற்கு முன் நூலகத்துக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். வண்ணப்பட வேதாகம அகராதிகள் மட்டும் இருந்தால் யோசியுங்கள். கோட்டுப் படங்களோடு கனமான அகழாய்வு அறிக்கை ஒன்றாவது இருக்க வேண்டும். பாடத்திட்டத்தில் பானையும் மண்ணடுக்கும் எத்தனை வாரம் என்று கேளுங்கள். புனித நாட்டுப் படக்காட்சிதான் அதிகம் என்றால், அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சிற்பம், சுருள், விளக்கு என்று வேண்டிய படங்களைக் கரண்ட் இருக்கும்போதே போனில் இறக்கிவையுங்கள். சவக்கடல் சுருள்களுக்கென்று இணையத்தில் தனி மின்நூலகம் இருக்கிறது, காசு கிடையாது. ஆங்கிலம் தடுமாறுமே என்று பயப்பட வேண்டாம். அறிக்கையில் பாதிக்கு மேல் படமும் அட்டவணையும்தான், கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.